ரெண்டு ஜிபி

— வேகமா சொல்லாத ஆனந்தா. டிவில மாட்டி வெளையாடற கேம் பெட்டி ஒண்ணுக்குள்ள மெமரி சிப் எத்தனை?

— எட்டு, ஸ்வாதி அண்ணி. போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம திருமுல்லவாயில்ல உங்க ஊட்ல பிரியாணி துன்னுகினே சொன்னேனே. ஒவ்வொண்ணும் ரெண்டு ஜிபி.

— அந்த ஜிபி பிட்டா, பைட்டா?

— பிட்டுன்னா எனக்கு எக்ஸாம்ல அடிக்கறதுதான் தெரியும். போனுக்கு எத்தினி ஜிபின்னு கேக்குறோம்ல, அதே ஜிபிதான்.

— அப்ப பைட்டு.

— இன்னா அண்ணி, கொரலே ஒரு மாரி கீது?

— சிப் வியாபாரத்துல பிட்டுலதான் கணக்குப் பேசுவாங்க. நீ ஜிபின்னதும் நானா பிட்டுன்னு போட்டுட்டேன். எட்டு பிட்டு சேந்தாதான் ஒரு பைட்டு.

— அதுக்கு இன்னா இப்போ?

— ஒரு சிப் கம்பெனிய வேற ஆளுங்க வாங்கறாங்க. கேம் பெட்டியால அதுக்கு எவ்ளோ வருமானம் வருதுன்னு எங்க ஆபீஸ்ல உத்தேசமா போட்டுத் தரச் சொன்னாங்க. நான்தான் போட்டேன். வருமானத்த எட்டுல ஒரு பங்கா காட்டிட்டேன். போன வாரமே அனுப்பியாச்சு.

— எந்த கம்பெனி?

— பேரு சொல்லக்கூடாதுப்பா. நீ எங்க இருக்க? மெஷின் சத்தமே கேக்கல.

— கேன்டீன்ல. லைன நிறுத்திட்டாங்கோ. காலைல டை கட்டிகினு நாலு பேரு வந்தாங்க. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல மத்த கம்பெனில்லாம் ஓடுது, எங்க கேட்டு மட்டும் பூட்டிகீது. கேம் பெட்டி சிப்பு செய்யற எங்க செக்ஷன் ஆளுங்கள ஒவ்வொருத்தரா உள்ள கூப்புடறாங்க. இன்கிரிமென்ட்டுன்னு பசங்க பேசிக்குது.

— உன் பொண்டாட்டி கோமளாவும் அதே செக்ஷன்தானே, அவ எங்க?

— அதத்தான் மொதல்ல கூப்ட்டாங்க. புள்ளத்தாச்சி பொண்ணு, நிக்க வெக்காதீங்கன்னு அவங்களே சொன்னாங்க. நல்ல மனுஷங்கோ.

— ஆனந்தா, நான் சொல்றதக் கேளு. கையெழுத்து கேட்டா போடாத. அவளையும் போட வேணாம்னு சொல்லு. எனக்கு பயமா இருக்கு.

— உங்களுக்கு இன்னாத்துக்கு அண்ணி பயம்? இருங்க, கோமளா வருது. அழுதுகினே வருது.

— போன அவகிட்ட குடு.

— அது பேசுற நெலமைல இல்ல அண்ணி, நானே கேக்குறேன். இன்னாமே, இன்னா சொன்னாங்க? அண்ணி, கேக்குதா? எங்க செக்ஷன்ல எட்டு பேருக்கு ஒருத்தர் போதுமாம். இந்த எட்டு அவங்களுக்கு யாரு சொன்னது, அண்ணி?