இருட்டில் ஐந்து நிமிடம்

விடியற்காலை நாலேகால். பெத்ரெய்ரா ஊரைவிட்டுப் பீங்கான் ஃபாக்டரிக்குப் போகிற செம்மண் சாலை... கரும்புக்காட்டைத் தாண்டினால் ஒரு நாய்கூடக் கிடையாது. நம்ம பக்கத்து வீட்டு ஜூரெமாவின் மச்சான் ஒடாயிர் அதில் தனியாக நடந்துகொண்டிருந்தான். கிட்ட வந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

மின்கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டர்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிப்பது அவன் வேலை. சாயத்தில் முக்கி, கழுவி, இருட்டறையில் ஊதா விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். விரிசலுக்குள் புகுந்த சாயம் பச்சையாய் ஒளிரும். அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் இருட்டில் சும்மா உட்கார வேண்டும். கண் பழகாவிட்டால் மயிரிழைக் கோடு தெரியாது.

ஒருநாள் பந்தாட்டம் பார்க்க ஓடும் அவசரம். ஒடாயிர் உட்காரவில்லை. ஒரு தட்டு நிறைய ‘நல்லது’ என்று தள்ளிவிட்டான்.

மூன்று மாதம் கழித்து, மழையில் அதில் ஒன்று பிளந்தது. கம்பத்தில் ஏறியிருந்த லைன்மேன் வால்டெசி மின்சாரம் பாய்ந்து கருகிச் செத்தான். பழி, அதே ஷிப்டில் அதே வேலை பார்த்த நெய்டி மேல் விழுந்தது. வேலை போயிற்று. கிளம்பும்போது அவள் இவனிடம் கேட்டாள்:

“நான் அஞ்சு நிமிஷமும் உக்காருவேன்னு உனக்குத் தெரியும்ல?”

ஒடாயிர் அடுத்த தட்டை எடுத்துச் சாயத்தில் முக்கினான்.

அதன்பிறகு அவன் இருட்டில் உட்காரும்போதெல்லாம் பக்கத்து ஸ்டூல்... கிரீச். லைன்மேன்கள் போடுகிற ரப்பர் கையுறையின் ஈர வாசனை. பொசுங்கிய மயிர் வாசனை. விளக்கைப் போட்டால் யாருமில்லை.

நான் முதலில் சொன்ன அந்த விடியற்காலை, ஃபாக்டரிக்குள் நுழைந்ததும் நேரே சூப்பர்வைசரிடம் போனான். அது நெய்டி இல்லை, நான்தான் என்று சொல்லிவிட்டான். அவர் காப்பியை ஒரு வாய் உறிஞ்சினார்.

“கேஸ் முடிஞ்சுபோச்சுடா. ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு யோக்கியன் வேஷம் போடாத. போய் வேலையப் பாரு.”

ஒடாயிருக்கு வெட்கமாகிவிட்டது. அவர் திட்டியதற்காக அல்ல. அந்த வார்த்தையைக் கேட்டதும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்ததே... அதற்காக. இருட்டறைக்குப் போனான்.

கதவைச் சாத்தினான். ஒரு நிமிடம்... இரண்டு... ஸ்டூல் சத்தமே இல்லை.

கையிலிருந்த இன்சுலேட்டரை யாரோ மெல்ல வாங்கினார்கள். மேசையில் வைக்கும் சத்தம்... டொக். தடித்த ஈரக் கையுறைகள் அவன் கன்னங்கள் இரண்டையும் பிடித்தன. ஊதா விளக்கு தானாக எரிந்தது. அவன் தினமும் பீங்கானைத் திருப்புகிற அதே நிதானத்தில், அவன் தலையை அந்தக் கைகள் மெதுவாகத் திருப்பின... இன்னும் கொஞ்சம்...

ஓரிடத்தில் நின்றன, விரிசலைக் கண்டுவிட்டதுபோல.