சிவப்பு ஃபேஸில் நான்கு வீடுகள்

வெயில் காலத்தில் ஏசி போடுவதை நான் என்றைக்கும் குறை சொன்னதில்லை, சார். திருமுல்லைவாயிலில் மே மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். அவரவர் ஃபேஸில் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

என் பெயர் ஷோபனா. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். சங்கத்துக்கு நான்தான் செயலாளர். போன கோடையில் எங்களுக்கு ஃபியூஸ் போகாத நாளே கிடையாது. தெருவிலிருந்து சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று ஃபேஸ் வருகிறது. மீட்டர் அறையில் வீட்டுக்கு ஒரு ஃபேஸ் மாற்றும் சுவிட்ச் இருந்தது. ஒன்றில் கரண்ட் போனால் எல்லோரும் ஓடிப் போய் அடுத்ததற்குத் திருப்பிக்கொள்வார்கள். அத்தனை சுமையும் அதன் தலையில் ஏறும், அதுவும் போகும். பிறகு மூன்றாவதற்கு ஓடுவார்கள்.

நான் கூட்டம் போட்டேன். லோடைக் கணக்கிட்டு ஒரு ஃபேஸுக்கு நான்கு வீடு என்று பிரித்தேன். சுவிட்சுகளைக் கழற்ற வைத்தேன். கை தட்டினார்கள், சார். இந்தக் கோடையில் எங்கள் கட்டடத்தில் ஒரு ஃபியூஸ்கூடப் போகவில்லை.

பெனிட்டோ மட்டும் அன்று கை தட்டவில்லை. என் வீட்டுக்கு நேர் கீழே இருப்பவன். அவன் அம்மா சகாயம்மாளுக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் மூச்சுவிட முடியாது.

"டீச்சர், எங்களுக்கு மட்டும் அந்த சுவிட்ச் இருக்கட்டும். அம்மாவோட மெஷின் நிக்கக் கூடாது."

"இன்வெர்ட்டர் இருக்குல்ல? உனக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் சிவப்பு ஃபேஸ் போனது. அது பெனிட்டோவின் ஃபேஸ். லைன்மேனுக்கு உடனே சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பெனிட்டோ வந்தான். இன்வெர்ட்டர் பேட்டரி செத்துவிட்டது, புதியது வாங்க அம்பத்தூர் போகிறேன் என்றான்.

"அம்மாவக் கொஞ்சம் பாத்துக்குங்க டீச்சர். பொன்னியம்மா கூட இருக்காங்க."

பொன்னியம்மா சேக்காட்டிலிருந்து வந்து அந்த அம்மாவைக் கவனித்துக்கொள்பவள்.

சிவப்பில் இருந்த மற்ற வீட்டார் முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்டார்கள். பவ்யா கைக்குழந்தையோடு வராந்தாவில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். பெனிட்டோ வீட்டில் மட்டும் மெஷின் ஓடுகிற சத்தம். ஏசியும் ஓடியது.

மீட்டர் அறைக்குப் போய்ப் பார்த்தேன். அவன் மீட்டருக்கு மேலே புது சுவிட்ச் ஒன்று மஞ்சளில் நின்றது. எனக்குக் கோபம் வரவில்லை, சார். அவன் வீட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். அறையைப் பூட்டினேன். மேலே வந்து குழம்புக்குப் புளி கரைத்தேன்.

தரை வழியாக அலாரம் கேட்டது. பொன்னியம்மா ஓடி வந்தாள்.

"டீச்சரம்மா, கரண்டு பூட்சு. மெசினு கத்திகினே கீது. ஆயாவுக்கு இழுக்குது. மீட்டர் ரூமு பூட்டிகீது, சாவி குடும்மா. அந்த சுவிட்ச பாக்கச் சொல்லி அண்ணன் போன்ல சொல்லிச்சு."

"அந்த சுவிட்ச் அங்க இருக்கவே கூடாது, பொன்னியம்மா. சிவப்புல இருக்கிற யாருக்கும் கரண்ட் இல்ல. வந்துடும்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு இறங்கி ஓடினாள். பெனிட்டோ எனக்கும் போன் செய்தான். லைன்மேனுக்குச் சொல்லியிருக்கிறேன் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆம்புலன்ஸுக்கு அவனே சொன்னான். அது நெரிசலில் மாட்டிக்கொண்டது.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் வருவதற்கு வெகு முன்பே சிவப்பு ஃபேஸ் வந்துவிட்டது. பவ்யா வீட்டு விசிறி சுற்றுவது எனக்குக் கேட்டது. குழந்தை அழுகையை நிறுத்தியது. ஃபியூஸ் கட்டை என் சமையல் மேடையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது. இறங்கிப் போய்ச் செருக ஒரு நிமிடம் ஆகாது. பொன்னியம்மா மறுபடி வந்து இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள். நான் திறக்கவில்லை. மீறினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அலாரம் சன்னமாகி, தானாகவே நின்றது. அதற்குப் பிறகு கீழே பொன்னியம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"எங்கம்மாவக் கொன்னுட்டீங்களே டீச்சர்" என்று எல்லோர் முன்னாலும் பெனிட்டோ கத்தினான். அவனுக்கு ஒரு நியாயம், பவ்யாவின் குழந்தைக்கு ஒரு நியாயமா? வருத்தப்படுகிறீர்களா என்று நீங்கள் கேட்டீர்கள். எதற்கு? நான் போட்ட விதியை நான் ஒரு நாளும் மீறியதில்லை.

அவன் வீட்டைக் காலி செய்துகொண்டிருப்பதாகக் காலையில் பவ்யா சொன்னாள். அப்படியென்றால் சிவப்பில் இனி மூன்று வீடுகள்தான். மஞ்சளிலும் நீலத்திலும் நான்கு நான்கு. மறுபடியும் சமம் கெட்டுவிட்டது. அங்கே அதைச் சரிசெய்ய வேறு யாருக்கும் தெரியாது, சார். என்னை எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்?