நெவில் பாஸ்கோவின் லாகின்

இரவு ஒன்று நாற்பது. சார்லவில் ஊரைத் தாண்டி மேற்கே போகிற சாலை... விளக்கு கிடையாது, வீடு கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. ஓரத்தில் அடிபட்டு, ஊதிப்போய்க் கிடக்கிற கங்காருக்கள். அந்தச் சாலையில் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போனவன் கேலம் பிரோடி. நம் ஆபீஸ் ப்ரான்வின் இருக்கிறாளே, அவள் தங்கை மேகனின் கணவன். ப்ரான்வின் இன்று லீவு, அதனால்தான் சொல்கிறேன். அவள் இருந்தால் இந்தப் பேச்சை எடுக்கவே விடமாட்டாள்.

அப்டேட் முடிய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். பீட்ஸா பெட்டியை மூடுங்கள், இந்தக் கதையோடு சாப்பிட முடியாது. ஹேமிஷ், நீ சிரிக்காதே. உன் பாஸ்வேர்டு இந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். இது முக்கியமாக உனக்குத்தான்.

கேலம் போனது ஓர் இறைச்சி ஆலைக்கு. பெயர் வேண்டாம். பகலெல்லாம் மாடு வெட்டுவார்கள். இரவு ஒன்றரையிலிருந்து நான்கு வரை தரையைக் கழுவுகிற நேரம், எடை இயந்திரங்கள் ஓடாது. சர்வரில் கை வைக்க அந்த நேரம்தான் உண்டு.

சர்வரை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? பழைய குளிர் அறையில். மாட்டுத் தொடைகளைத் தொங்கவிட்ட அறை. இங்கேதான் ஏற்கெனவே குளிர்கிறதே, தனியாக ஏசி எதற்கு என்று எவனோ ஒரு புத்திசாலி முடிவு செய்திருக்கிறான். ஈரம் கோத்து, சர்வர் பெட்டியின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. கீபோர்டில் மஞ்சளாக ஒரு கொழுப்புப் படலம். இருபத்து மூன்று பேர் ரத்தக் கையோடு வந்து தட்டிய கீபோர்டு அது. பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே லாகின்... நெவில் பாஸ்கோ.

நெவில் முன்பு அங்கே சர்வர் பார்த்தவர். எடை போடும் மென்பொருளுக்கு அவர் பெயரில் ஒரே ஒரு லைசென்ஸ் வாங்கினார்கள். அந்த ஒருவர்தான் பயன்படுத்தலாம் என்பது ஒப்பந்தம். அவர் போய் ஒன்பது வருடம் ஆகியும் அந்த லாகினை மூடவில்லை. மூடினால் எடை இயந்திரம் நிற்கும், பேக்கப் நிற்கும், கதவு அட்டைகூட வேலை செய்யாது. எல்லாவற்றையும் ஒரு மனிதர் பெயரில் கட்டி வைத்திருந்தார்கள். ஆள் பெயரில் சர்வீஸ் ஓட்டாதே, ஓட்டாதே என்று எத்தனை தடவைதான் கத்துவது... த்தூ!

இரண்டு நாளில் மென்பொருள் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஆள் வருகிறது. அதனால் மேனேஜர் டெஸ் ஹான்ரகன் கேலமைக் கூப்பிட்டிருந்தார்.

"நெவில் இப்ப இங்க இல்லைன்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது. அவர் ரிட்டையர் ஆயிட்டாரு. வேற யார் பேராவது அதுல இருந்தா போதும்."

"ஆளுக்கொரு லாகின் போட்டு, இருபத்து மூணு லைசென்ஸ் வாங்கிடுங்க டெஸ். அதான் ஒழுங்கு."

"ஒழுங்கைப் பத்தி உன்னைக் கேட்டேனா? இந்த வேலை உனக்கு வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கிடைத்த வேலை. புது லாகின் போட்டால் எல்லா அனுமதிகளையும் முதலிலிருந்து கொடுக்க வேண்டும், ஒரு வாரம் பிடிக்கும். பழைய லாகினின் பெயரை மட்டும் மாற்றினால் ஒரே நிமிடம். நாம் எல்லாருமே செய்திருக்கிறோம், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். ஆனால் சர்வர் பெயரைப் பார்ப்பதில்லை. உள்ளே ஓர் எண் இருக்கிறது, ஆளை அந்த எண்ணால்தான் அதற்குத் தெரியும். மேலே பெயர் மாறினாலும் எண் மாறாது. எண்ணுக்கு உரிய ஆளும் மாறுவதில்லை.

இரண்டு பதிமூன்றுக்கு, நெவில் பாஸ்கோ என்பதை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதினான்.

சரியாக விழுந்ததா என்று பார்க்கக் கதவின் பதிவைத் திறந்தான். யார் எப்போது அந்த அறைக்குள் வந்தார்கள், எப்போது போனார்கள் என்கிற பட்டியல். நெவிலின் பழைய வரிகளிலெல்லாம் இப்போது அவன் பெயர். அது எதிர்பார்த்ததுதான். அந்த வரிகளில் கடைசியானதுக்குப் போனான். ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு நாற்பது. கேலம் பிரோடி உள்ளே வந்தார்.

வெளியே போனதாக வரி இல்லை.

கேலமுக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. எழுந்து கதவுக்குப் போனான். உள்பக்கக் கைப்பிடி உடைந்து கிடந்தது, வெளியே போக அட்டை ஒன்றுதான் வழி. ஆலையில் கொடுத்த அட்டையைத் தேய்த்தான். சிவப்பு விளக்கு. இன்னொரு தடவை... சிவப்பு. வெளியே தண்ணீர்க் குழாயின் இரைச்சல். கதவைத் தட்டினான், கத்தினான். யாருக்கும் கேட்கவில்லை.

அப்போது முதுகுக்குப் பின்னால்... டக். டக் டக்.

திரும்பினான். நாற்காலி காலி. ஆனால் ஒரு நாற்றம்... நனைந்த கம்பளி, பல நாள் வியர்வை, சாப்பிடாத வாயின் நாற்றம். கீபோர்டின் கொழுப்புப் படலத்தில் விரல் தடங்கள் விழுந்துகொண்டிருந்தன. ஒன்று. அதன் பக்கத்தில் ஒன்று. பொறுமையாக... எழுத்துக் கூட்டி எழுதுகிற மாதிரி.

இருபது நிமிடம் அவன் கதவோடு ஒட்டி நின்றான். கதவிலிருந்த வட்டக் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துக் கதவைத் திறந்தது லூப்பே. இரவில் தரை கழுவுகிற, சமோவாத் தீவிலிருந்து வந்த அம்மாள்.

"ஐயையோ, நீயுமா தம்பி!"

"நீயுமான்னா... வேற யாருக்கா?"

"நெவிலுதான். லாங் வீக்கெண்டுக்கு முந்தி வெள்ளிக்கிழமை உள்ள போனாரு. செவ்வாய்க்கிழமை காலைல நான்தான் கதவைத் தொறந்தேன். குளிர்ல வெறைச்சுச் செத்துக் கெடந்தாரு, பத்து விரலும் கீபோர்டு மேலயே இருந்துச்சு. உதவி கேட்டு மெயில் மேல மெயிலா போட்டிருக்காரு, லீவுல எவன் பாப்பான்?"

"ரிட்டையர் ஆயிட்டாருன்னு டெஸ் சொன்னாரே!"

"டெஸ்ஸா? அந்த ஆளு வந்து பொணத்தைப் பாத்துட்டு முதல்ல என்ன கேட்டான் தெரியுமா? எடை மெஷின் ஓடுதான்னு கேட்டான்."

எனக்குப் பேயைவிட இந்த இடம்தான் குமட்டுகிறது. ஒருவர் செத்துக் கிடக்கிறார், இவனுக்கு மெஷின் கவலை. ஒன்பது வருடமாக அந்தக் கைப்பிடியைக்கூட மாற்றவில்லை. செத்தவரின் பெயரில் தினமும் மாட்டு எடை பதிந்திருக்கிறார்கள்.

கேலம் திரும்பிப் போய்த் தன் பெயரை அந்த லாகினிலிருந்து எடுத்திருக்க வேண்டும். போகவில்லை. போயிருக்க நமக்கும் தைரியம் வந்திருக்காது. ஏதாவது என்றால் கூப்பிடச் சொல்லி லூப்பேயிடம் நம்பரைக் கொடுத்துவிட்டு, மூன்று மணி நேரம் ஓட்டி ரோமாவிலிருக்கும் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டான்.

மறுநாள் இரவு போன் அடித்தது. லூப்பே. மேகனும் விழித்துக்கொண்டாள்.

"தம்பி, வெளிய வந்தவன் நில்லுன்னா நிக்காம போறியே! இன்னைக்கும் மாட்டிக்கிட்டியேன்னு கதவைத் தொறந்து விட்டா, ஒரு நன்றி கிடையாதா?"

"அக்கா... நான் வீட்டுல இருக்கேன்."

"விளையாடாத. 'யாருப்பா அது'ன்னேன், 'கேலம் பிரோடி'ன்ன. எங்க போறேன்னேன், 'வீட்டுக்கு, மேகன்கிட்ட'ன்ன. ஆமா, உன் வண்டி இங்க இல்லையே. நடந்தா போற?"

கேலம் லேப்டாப்பைத் திறந்து ஆலையின் சர்வருக்குள் நுழையப் பார்த்தான். தன் பெயர், மானிட்டரில் ஒட்டியிருந்த அந்தப் பாஸ்வேர்டு. இந்தப் பயனர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்று வந்தது. ஒரு லைசென்ஸுக்கு ஓர் ஆள்தான். ஐந்து தடவை முயன்றான். பிறகு டெஸ்ஸுக்குப் போன் போட்டுக் கெஞ்சினான்.

"டெஸ், அந்தப் பேரை எடுத்துடுங்க. அங்க இருக்கிற யாரையாவது விட்டு இப்பவே எடுங்க."

"நாளைக்குத் தணிக்கை முடியட்டும். அதுவரைக்கும் அதுல எவனும் கை வைக்கக் கூடாது." வைத்துவிட்டார்.

காரில் ஏறிவிடலாம் என்று மேகன் சொன்னாள். ஆலையிலிருந்து வர மூன்று மணி நேரமாவது ஆகுமே என்று அவசரமில்லாமல் துணிகளை எடுத்து வைத்தாள். நாற்பதே நிமிடம். முற்றத்துச் சரளைக்கல்லில் காலடி கேட்டது. ஒரே சீராக, வீட்டு ஆள் நடக்கிற மாதிரி. கேலம் பாய்ந்து கதவைப் பூட்டினான். இரண்டு தாழ்ப்பாளையும் போட்டான். அவன் சாவி அவன் பாக்கெட்டில் இருந்தது, தொட்டுப் பார்த்துக்கொண்டான். மேகனின் சாவி மேசை மேல் இருந்தது. அந்த வீட்டுக்கு மூன்றாவது சாவி கிடையாது.

காலடி வாசலில் நின்றது. பூட்டுத் துளைக்குள் ஒரு சாவி நுழைந்தது... திரும்பியது. முதல் தாழ்ப்பாள், கேலமின் கண் முன்னால், உள்பக்கமாகவே, மெதுவாக விலகியது.