ஒரு விரக்கடை உள்ளே

நீதான்டா கொன்னே. ஆமா, உன்னையத்தான் சொல்றேன். கதவைச் சாத்தாதே. சாத்துனா இந்த அஞ்சு மாடிக்கும் கேக்கறாப்பல கத்துவேன். சூலூர்ல மில்லு மில்லா ஏறி எறங்கி, வேஸ்ட்டுத் துணிக்குப் பேரம் பேசி வளந்த தொண்டை இது. உனக்குத் தெரியாததா?

உக்கார வேண்டாம், நிக்கறேன். அம்மணி வர்ஷினி, காப்பியெல்லாம் வேண்டாங்கண்ணு. காப்பி குடிக்கவா ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன்? எங்கக்கா அன்புக்கரசி, இந்த மகராசனைப் பெத்தவ, மஸ்கட்டுல ஆஸ்பத்திரி ஐஸ் ரூம்புல பத்தொம்பது நாளா கெடக்கறா. டூட்டியிலயே நெஞ்சைப் புடிச்சுட்டு உழுந்தவ. அன்னிக்குக் காத்தால மூணு வாட்டி உனக்குப் போன் அடிச்சாளாமே, எடுத்தியா? என்ன, மீட்டிங்கா? ம். மீட்டிங்குதான்.

இந்தா காயிதம். பெத்த புள்ளை கையெழுத்துப் போட்டாத்தான் ஒடம்பை அனுப்புவாங்களாமா. நான் போடறேன்னேன். கூடப்பொறந்தவ கையெழுத்துச் செல்லாதாமா. நானும் எத்தனையோ மொதலாளியை மசிய வெச்சிருக்கறேன், போன்ல பேசுன அந்த ஆபீசர்கிட்ட ஒண்ணும் நடக்கலை. மகன் உசுரோடதானே இருக்காருங்கறான். உசுரோடதான் இருக்கறாருங்க, ஏசியைப் போட்டுட்டு சொகமா இருக்கறாருன்னேன்.

என்ன சொன்னே? அங்கியே பொதைச்சுரட்டுமா? கேட்டியா அம்மணி, உன்ற ஊட்டுக்காரன் பேச்சை! வால்பாறைக் கல்லறையில உங்கப்பன் பிரான்சிஸுக்குப் பக்கத்துல எடம் கெடக்குதுடா. சாமியார்கிட்டச் சொல்லி வெச்சுப்போட்டு வந்திருக்கறேன்.

ஏன்டா, அவ யாருன்னு தெரியுமா உனக்கு? எஸ்டேட்டு லைன்ல பொறந்து, அட்டைக்கடி ரத்தத்தோட பள்ளிக்கூடம் போயி நர்ஸானவ. காமாலையில உங்கப்பன் போனப்ப உனக்கு நாலு வயசு. உன்னைய என்ற இடுப்புல வெச்சுட்டு பிளேன் ஏறுனா. இருவத்தியெட்டு வருசம். அங்க நம்மாளு எவனாச்சும் செத்தா, சாரத்துல இருந்து உழுந்தவன், வெயில்ல சுருண்டவன், அவளே மொகந்தொடைச்சுத் தலை சீவி உடுவாளாமா. சட்டைப் பையில ஒரு துண்டுச் சீட்டும் வெப்பா. நோவில்லாமப் போனாருங்க, கடைசியா அம்மான்னாருங்கன்னு எழுதியிருக்கும். அன்னூர்ல கருப்பாத்தாள்னு ஒரு அம்மா, மகன் சின்னான் பெட்டியில வந்தப்ப அந்தச் சீட்டும் வந்துச்சு. லீவுல வந்த இவ கையைப் புடிச்சுட்டு அந்தம்மா உடவேயில்லை. நெசமாலுமே அம்மான்னு கூப்புட்டானா அக்கான்னு பொறவு கேட்டேன். கொண்டாரப்பவே பேச்சு மூச்சில்லைடி, பெத்தவளுக்கு அது எதுக்குன்னா.

இப்ப அவ பையில சீட்டு வெக்க எவ இருக்கறா, சொல்லு.

சிரிக்கறே. சிரி, சிரி. ஊருப் பொணத்துக்கெல்லாம் தலை சீவுனவளுக்கு மகனோட கால் அளவு தெரியலையாக்கும்? பத்து வயசுல சொன்னதையே முப்பத்திரெண்டுலயும் சொல்றே.

மறந்தாப் போயிட்டேன்? கிறிஸ்மஸுக்கு ரெண்டு மாசம் முந்தியே உன்ற காலைக் காயிதத்துல வெச்சு, சுத்தியும் பென்சில்ல கோடு போட்டு, கவர்ல வெச்சு மஸ்கட்டுக்குத் தாட்டியுடுவேன். அந்த அளவைக் கடைக்காரன்கிட்ட நீட்டி, பெட்டியோட ஷூவு வாங்கி அனுப்புவா. போட்டதும் கடிக்கும். குதிங்கால்ல கொப்புளம். ஒரு வருசம் சாக்கடையில வீசுனே. விசா ரெடியாயிருச்சு, கண்ணு அம்மாகிட்ட வர்றியான்னு போன்ல கேட்டா. என்ற கால் அளவே தெரியாதவகூட நான் எதுக்கு வரோணும், எனக்கு இந்தப் பொற்கொடிதான் அம்மான்னு ரிசீவரை என்ற கையில குடுத்துப்போட்டே. அவ அழுகலைடா. ஷூவு கடிக்குதாடி அவனுக்கு, அடுத்த வாட்டி நல்லதா வாங்கறேன்னா. அத்தோட காலைக் காயிதத்துல வெக்கவே மாட்டேன்னுட்டே.

கல்யாணத்துல என்ன பண்ணுனே? சர்ச்சுல மொத வரிசையில என்னைய உக்கார வெச்சே. பெத்தவ நாலாவது வரிசையில, வந்த ஒறம்பரை மாதர உக்காந்திருந்தா. நானும் எந்திரிக்கலை. பட்டுச்சேலை கட்டிட்டு நல்லா நிமிந்து உக்காந்துட்டேன்.

இந்தா, போனைப் பாரு. அவகூட ரூம்புல இருந்த மலையாளத்துப் புள்ளை அனுப்புன போட்டோ. அக்காளோட பீரோக் கதவுக்கு உள்பக்கம். ஏழு காயிதம், ஏழும் உன்ற காலு. வருசம் எழுதி ஒட்டி வெச்சிருக்கறா. பெருசு பண்ணிப் பாரு. மொத ரெண்டுலயும் ஒரே கோடு. மூணாவதுல இருந்து பாரு, வெளிய ஒரு கோட்டை அழிச்ச தடம் தெரியுதா? ரப்பர் போட்டு அழிச்சது.

நாந்தான்.

நீ பாத்துட்டு இருக்கறப்ப சரியாத்தான் போடுவேன். நீ அக்கட்ட வெளையாடப் போனதும் அழிச்சுப்போட்டு, ஒரு விரக்கடை உள்ள தள்ளிப் போடுவேன். உனக்கு ஆறு வயசுல லீவுக்கு வந்தவ, சீக்கிரமே கூட்டிட்டுப் போறேன்டின்னா. எனக்கு வவுத்துல ஒண்ணும் தங்கலை. நீ அப்பத்தான் என்னைய அம்மான்னு கூப்புட ஆரம்பிச்சிருந்தே. அஞ்சு வருசம் அப்பிடித்தான் அனுப்புனேன். நீ நொண்டிட்டு வர்றப்பல்லாம், உங்கம்மாளுக்கு உன்ற காலே மறந்துபோச்சு கண்ணுன்னு மருந்து போட்டு உட்டதும் நாந்தான். இந்தத் தடம் அவ கண்ணுல பட்டுச்சா, பட்டும் பேசாம இருந்தாளான்னு இனி யாரைக் கேக்க?

எதுக்கு எந்திரிக்கறே? அடிக்கோணும்னா அடி. வெளிய போன்னா போறேன், இனி உன்ற வாசப்படி மிதிக்கலை. நாந்தான் கொன்னேன்னு ஊர் பூரா சொல்லு. கையெழுத்தைப் போட்டுப்போட்டுச் சொல்லு. என்ற கையெழுத்து செல்லாது கண்ணு. செல்லியிருந்தா, சாகற வரைக்கும் இதை உன்கிட்டச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

பேனா இந்தா. புள்ளி வெச்ச எடத்துல. போடு.