பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி

லினக்ஸ் ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை மச்சான், பொறுமை இருந்தால் யாரும் பழகிக்கொள்ளலாம். உங்கள் தங்கையும் பழகினாள். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கப்போகிறேன் என்றாள். பழைய லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு நான்தான் அதை ஏற்றிக்கொடுத்தேன்.

முதலில் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிட்டாள். "என்னங்க, இங்க வாங்களேன். அப்படி ஒரு ஃபைலே இல்லங்குது." போய்ப் பார்த்தால், ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைச் சின்ன எழுத்தில் அடித்திருப்பாள்; லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. திருத்திக் காட்டுவேன். சிரிப்பாள்.

பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஃபைல் காணோம் என்றால் எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று பார்ப்பாள், பெயரைச் சரிபார்ப்பாள், தேடி எடுத்துவிடுவாள். பக்கத்தில் போய் நின்றேன். "நானே பாத்துக்கறேன், நீங்க போங்க" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் லினக்ஸில் அந்த ஃபைல் கண்ணுக்குத் தெரியாது. அதை மட்டும் நான் சொல்லித்தரவில்லை. அவள் முடித்து வைத்திருந்த மொழிபெயர்ப்புக்குப் புள்ளி வைத்தேன். பதறிப்போய்த் தேடினாள்.

"நேத்து நீதானே அழிச்ச, மறந்துட்டியா?"

"நானா? இல்லையேங்க."

அவள் முகம் கழுவப் போனபோது புள்ளியை எடுத்துவிட்டேன். "இங்கதானே இருக்கு, பாரு" என்றேன். வெகுநேரம் திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப்பின் அடிக்கடி செய்தேன். கோபத்தில் செய்ததில்லை, நிதானமாகத்தான். அவளுக்கு அந்த வேலை கைவிட்டுப் போயிற்று. அவள் சாவியையும் மூக்குக்கண்ணாடியையும் இடம் மாற்றி வைக்க லினக்ஸ் தேவைப்படவில்லை. மறதி என்று டாக்டரிடம் நானே அழைத்துப்போனேன். மாத்திரையை வேளை தவறாமல் நானே கொடுத்தேன். வீட்டில் யாராவது ஒருவர் பொறுப்பாக இருக்கவேண்டாமா?

ஒருநாள் எங்கள் கைக்குழந்தையை என் மடியில் வைத்தாள். "இவளை இனிமே என்கிட்ட தனியா விடாதீங்க. எங்கயாவது வச்சுட்டு மறந்துடுவேன்."

சரி என்றேன். குழந்தை இப்போது என் அக்கா வீட்டில் வளர்கிறது.

ஃபைல் பெயரை மாற்ற நான் அடித்த கட்டளைகள் அத்தனையும் அந்த லேப்டாப்பில் அப்படியே பதிந்திருப்பதைக் குடைந்து கண்டுபிடித்துவிட்டீர்கள். மறுக்கவில்லை, எல்லாம் நான்தான் செய்தேன். உங்கள் தங்கை அடுத்த அறையில்தான் இருக்கிறாள், போய்ச் சொல்லுங்கள். பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். நீங்கள் முடித்ததும் எழுந்து நேராக என்னிடம்தான் வருவாள்.

"அண்ணன் சொன்னது நிஜமாங்க, இல்ல நான்தான் தப்பாக் கேட்டேனா?" என்பாள்.