வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி

விமலா அன்ரி வைக்கும் கத்தரிக்காய்ப் பால்கறியை நீங்கள் ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிட்னி பிளாக்டவுனில் தன் வீட்டில் எனக்கு அறை தந்து, ஒன்றரை வருடம் சோறும் போட்டவர் அவர். இப்போது வெஸ்ட்மீட்டில் இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, வருகிற போகிற தாதிமாரிடமெல்லாம் மணி என்ன என்று கேட்கிறார். காரணம் தெரியுமா என்று விசாரித்தீர்கள், டொக்டர். தெரியும்.

அவருடைய மகன் யதுஷனும் நானும் ஒரே பல்கலைக்கழகம். அங்கே முதலில் எல்லோரையும் பொதுவாகச் சேர்த்துக்கொள்வார்கள். பிறகுதான் நிதித்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அறுபது இடம். 2011இல் என்னை வேண்டாம் என்றார்கள். 2012 எனக்குக் கடைசித் தடவை. மெல்பேர்ன் மல்கிரேவில் இருக்கும் என் அப்பாவோ, நான் ஏற்கெனவே ஃபினான்ஸ் படிப்பதாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். யதுஷன் கிரிக்கெட் விளையாடிவிட்டு வந்து புத்தகத்தைப் புரட்டுவான், எண்பத்தைந்து எடுப்பான். நான் கண்ணெரியப் படித்து எழுபத்திரண்டு. என் விண்ணப்பக் கட்டுரையைத் திருத்தித் தந்தவனும் அவன்தான். எரிச்சலாக இருந்தது. யாருக்கு இருக்காது?

அன்ரி நேரம் பார்க்காமல் எதையும் தொடமாட்டார். 2009 போரில் ராகுகாலத்தில் பதுங்குகுழியை விட்டு வெளியேறியதால்தான் தன் கணவர் ஷெல்லடியில் செத்துப்போனார் என்பது அவருடைய நம்பிக்கை. யதுஷனின் விண்ணப்பம் வியாழனே தயார். அன்று அட்டமி என்று அன்ரி மறித்துவிட்டார். வெள்ளி நண்பகல் பன்னிரண்டோடு விண்ணப்பக் காலம் முடிவு. அவனுக்கோ அன்று விடியவே கோழித் தொழிற்சாலையில் வேலை. உள்ளே ஃபோன் கொண்டுபோக முடியாது. பூசை முடித்து அம்மாவே தன் கையால் அனுப்பட்டும் என்று லாப்டொப்பைத் திறந்து, கடைசிப் பொத்தானை அழுத்தினால் போதும் என்ற நிலையில் வைத்தான்.

"மச்சான், பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிடும். அதுக்கு முன்னம் அம்மாவை அமத்தச் சொல்லு. அவவுக்கு இங்கிலீஷ் விளங்காது."

"ஓம், நீ போயிட்டு வா," என்றேன்.

ஒன்பதரைக்கு அன்ரி திருநீற்றோடு வந்தார். "தம்பி, இப்ப அமத்தட்டே?"

"அவசரப்படாதேங்கோ அன்ரி. பின்னேரம் அஞ்சு மணி வரைக்கும் நேரம் கிடக்கு. சாப்பிட்டிட்டு ஆறுதலாச் செய்வம்."

தோசை சுட்டார். நான் ஐந்து சாப்பிட்டேன். மணி பத்தரை ஆனதும், ராகுகாலம் என்று அவரே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரச் சொல்லவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பத்துக்குக் கும்பிட்டுவிட்டு அழுத்தினார். காலம் முடிந்துவிட்டது என்று திரையில் வந்தது.

"போயிட்டுதே தம்பி?"

"போயிட்டுது அன்ரி."

என் வாயில் கற்கண்டு வைத்தார்.

பின்னேரம் யதுஷன் வந்து பார்த்துவிட்டுக் கத்தினான். கெஞ்சி எழுதியும் பல்கலைக்கழகம் இளகவில்லை. யார் பிழை என்ற கேள்வி வந்தபோது, "பன்னிரண்டு எண்டு நான் சொன்னனானெல்லோ அன்ரி?" என்று மெதுவாகக் கேட்டேன். போருக்குப் பிறகு அவருக்கு ஞாபகம் தடுமாறும், அதற்கு மருந்துக் குளிசை எடுப்பவர். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓம் தம்பி, சொன்னனீர். நான்தான் மறந்துபோனன்."

யதுஷன் பையைத் தூக்கிக்கொண்டு போனான். இனி அம்மாவின் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றான். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பன்னிரண்டு ஆகிவிட்டதா என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இடம் கிடைத்தது. அறுபது பேரில் நாற்பத்தெட்டாவது. எனக்குப் பின்னால் இன்னும் பன்னிரண்டு பேர். அதாவது, யதுஷன் வந்திருந்தாலும் நான் உள்ளேதான் இருந்திருப்பேன். அது முன்பே தெரிந்திருந்தால் நான் ஏன் இப்படிச் செய்யப் போகிறேன்? அந்த வகையில் பல்கலைக்கழகத்துக்கும் இதில் பங்குண்டு.

மகனின் நம்பர் கேட்டீர்கள். போன கிழமை அவனே ஃபோன் எடுத்தான், அம்மா எப்படி என்று. சுகமாக இருக்கிறார், உன்னைப் பற்றிக் கேட்பதில்லை என்றேன். பாவம், அவனுக்கும் பரீட்சைக் காலம். நீங்கள் அந்தப் படிவத்தில் நெருங்கிய உறவு என்ற இடத்தில் என் பெயரையே எழுதுங்கள். அவரைப் பார்க்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?