கடைசி விலை ரெண்டாயிரம்

— என்ட முப்பது வருஷத்து நல்ல பேருக்கு ஏழாயிரத்தி ஐந்நூறு விலை சொன்னான், ஜெமீலா. நான் ரெண்டாயிரத்துக்கு இறக்கிட்டன்.

— யாரு சொன்னது?

— பேங்க்தான், ஈமெயில்ல. இருபத்தி நாலு மணித்தியாலத்துக்குள்ள கட்டாட்டி எக்கவுண்ட்ட மூடி, பேரையும் கறுப்புப் பட்டியல்ல போடுவானாம். இந்தக் கருவாட்டு மர்ஸூக்ட பேரு அதுல ஏறினா கல்பிட்டியில எவன் கடனுக்குச் சரக்குத் தருவான்?

— போனத் தாங்க பாப்பம். ‘மதிப்புக்குரிய வாடிக்கையாளரே’யாம். நம்மட பேங்க்காரன் தவணை ரெண்டு நாள் பிந்தினா உங்கட வாப்பாட பேரையும் சேர்த்தெல்லோ கூப்பிடுறவன்?

— மரியாதை கூடிப் போச்சாக்கும்.

— அனுப்பினவன்ட விலாசத்தப் பாத்தீங்களா? பேங்க்ட பேருக்குப் பின்னால ஏழெட்டு எழுத்து வாலாட்டம் தொங்குது.

— நான் விலையத்தான் பாத்தன். ஆயிரம் எண்டு எழுதினன். அவன் ஐயாயிரத்துல நிண்டான். சரி, வேற பேங்க்குக்குப் போறன் எண்டன். உடனே ‘கடைசி விலை ரெண்டாயிரம், சேர்’ எண்டுட்டான்.

— வட்டியில கால் வீதம் குறைக்கச் சொல்லி மெனேஜருக்கு முன்னால ஒரு பகல் முழுக்கக் குந்தினீங்களே, ஒரு சதம் இறங்கினானா?

— இல்ல.

— இவன்?

— அல்லாவே.

— என்னத்தக் குடுத்தீங்க?

— கார்ட் நம்பர். பொறகு போனுக்கு வந்த ஆறு இலக்கம்.

— கார்டுக்குப் பின்னால இரிக்கிற நம்பருக்கு அடிங்க. ஈமெயில்ல உள்ளதுக்கு அடிச்சிராதீங்க.

— கார்ட்ல உள்ளதுக்குத்தான் அடிச்சிட்டன். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போடுறான். நாலு லட்சம், ஜெமீலா. சின்னப் பட்டா லொறி ஒண்டு வாங்க வெச்ச காசு.

— லொறிக்கா? கல்யாணத்துல நீங்க மஹராத் தந்து, இப்ப அடகுல இரிக்கிற என்ட காப்ப மீட்கத்தான் சேக்கிறண்டு சொன்னீங்க.

— லொறி ஓடினா காப்புத் தன்னால வரும் எண்டு நெனச்சன்.

— திங்கக்கிழமை உங்கட போனுக்கு மெசேஜ் ஒண்டும் வரல்லயா?

— நாலு லட்சம் எடுத்தாச்சுண்டு ஒண்டு வந்திச்சி. கள்ளப் பயலுட வேலை எண்டு அழிச்சிட்டன். நான் என்ன மடையனா?

— அதுதான் பேங்க் அனுப்பினது. எடுத்தது நான். எக்கவுண்ட்ல என்ட கையெழுத்தும் செல்லும்தானே. இந்தா பாருங்க, மூணு நாளா முழுக்கைச் சட்டைக்குள்ள மீட்ட காப்போடதான் இரிக்கன். நம்மட மஹர்க் கணக்கு நேர். எக்கவுண்ட்ல நான் விட்டு வெச்சது அறுநூத்தி நாப்பது, அத அவன் தூக்கியிருப்பான். பேசின விலைக்கு இன்னும் ஆயிரத்தி முந்நூத்தி அறுபது ரூபா அவனுக்கு நீங்க பாக்கி.